புத்தூர் வளைவில் விதிப்படி நடந்தது

வடபகுதி அமெச்சூர் மோட்டார் சங்கத்தார் தங்கள் முதலாவது காரோட்டப் போட்டிக்கு நேரம் பார்க்க ஒரு ஆள் தேடியபோது, அந்தப் பொறுப்பு குருநகர் கனிசியஸின் தலையில் வந்து விழுந்தது. கனிசியஸிடம் கார் இல்லை. கார்களைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை. பெரியகடை வீதியில் ஒடுங்கிய கடையொன்றில் இருந்து மணிக்கூடு திருத்துவது அவர் தொழில். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போனவர்கள். இவருக்கு மட்டும் வள்ளத்தில் கால் வைத்தாலே வயிற்றைப் பிரட்டும். அதனால் கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கரையிலேயே நாற்பத்திரண்டு வயதுவரை இருந்துவிட்டார்.

சங்கத் தலைவர் தியாகலிங்கம், கோட்டில் வழக்குப் பேசுகிற பிரக்கிராசியார். அவரே ஒருநாள் காரில் வந்து இறங்கினார்.

"கனிசியஸ், உம்மட்டை ஓடவிட்டு நிப்பாட்டுற மணிக்கூடு ஒண்டு இருக்காமே?"

"ஓம் ஐயா. பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு இரவல் குடுக்கிறனான்."

"அதையும் கொண்டு நீரும் வாரும். விதி எழுதுற கூட்டங்களுக்கும் வரவேணும். நேரம் பார்க்கிறவருக்கு விதி விளங்கவேணும்."

இது 1936ஆம் ஆண்டு தை மாதம். காலையில் ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்தில் முடிப்பது, முதலில் வந்தவருக்குக் கோப்பையைக் கொடுப்பது, இதற்கு எழுத என்ன இருக்கிறது, அரைமணியில் முடிந்துவிடும் என்று கனிசியஸ் நினைத்தார். பதினொரு கூட்டங்கள் நடந்தன.

முதலாவது கூட்டத்திலேயே தலைவர் எழுந்து நின்று பேசினார். "கனவான்களே, வேகமாய் வாறவன் வெல்லுறதுதான் நீதியெண்டால் அதுக்குச் சங்கம் ஏன்? தலைவர் ஏன்? ரோட்டிலை நிக்கிற மாடுகூடச் சொல்லிப்போடும் ஆர் முந்தி வந்தது எண்டு. நீதியை நாங்கள்தான் உண்டாக்கவேணும்."

நீதியை உண்டாக்கும் வேலை தொடங்கியது. அமெச்சூர் என்பவர் யார்? காரோட்டிச் சம்பளம் வாங்காதவர். அப்படியென்றால் சாரதிமார் எவரும் போட்டியில் ஓடக்கூடாது. கார் வைத்திருப்பவர்தான் ஓட்டவேண்டும். இது ஏகமனதாக நிறைவேறிய பிறகுதான், அங்கத்தவர்களில் முக்கால்வாசிப்பேருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது வெளிவந்தது. அதனால் போட்டி மூன்று மாதம் பின்போடப்பட்டது. அங்கத்தவரான டாக்குத்தர் பரமலிங்கம் அந்த மூன்று மாதத்தில் கடைசி மூன்று கிழமையும் பழகினார். திருப்பப் பழகிவிட்டார் என்றும், நிற்பாட்டத்தான் இன்னும் கொஞ்சம் இருக்கிறதென்றும் அவருடைய சாரதி கனிசியஸிடம் சொன்னான்.

அடுத்தது நிறை. பாரமான ஆள் ஏறிய கார் பிந்தும், அது அநீதி. ஆகவே எல்லாரையும் நிறுத்துப் பார்த்து, குறைந்தவர்களின் காரில் மணல் மூட்டை ஏற்றுவதென்று முடிவாயிற்று. புகையிலைக் கிட்டங்கித் தராசில் கனவான்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். தலைவர் மட்டும் ஏறவில்லை. தலைவரைப் புகையிலைச் சிப்பம் மாதிரி நிறுப்பது சங்கத்துக்கு மரியாதையில்லை என்று எல்லாருக்கும் பட்டது. ஆகவே அவருடைய நிறை நூற்றுமுப்பது இறாத்தல் என்று ஒருவர் பிரேரிக்க, இன்னொருவர் ஆமோதிக்க, ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் கதிரையை விட்டு எழுந்து நன்றி சொன்னார். கதிரையும் அவரோடு எழுந்தது.

ஒன்பதாவது கூட்டத்தில் ஹோர்ன் பற்றிய பிரச்சினை வந்தது. சிலருடைய காரில் மின்சார ஹோர்ன் இருந்தது. சிலருடையதில் கையால் அமத்துகிற றப்பர் ஹோர்ன்தான். உரத்த ஹோர்ன் உள்ளவருக்கு வீதி சுறுக்காக விலகிக் கொடுக்கும், மற்றவருக்குக் கொடுக்காது. இது நீதியல்ல. ஆகவே போட்டி நேரத்தில் ஒருவரும் ஹோர்ன் அடிக்கக்கூடாது என்று பதினான்காம் விதி எழுதப்பட்டது.

கனிசியஸ் பதினொரு கூட்டங்களிலும் ஒரேயொரு முறைதான் வாய்திறந்தார். அது இந்த இடத்தில்.

"ஐயா, ரோட்டாலை சனம் வருமே. சந்தைக்குப் போற நேரம்."

தலைவர் கோபிக்கவில்லை. படிப்பில்லாதவருக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னார். "கனிசியஸ், சனம் போட்டியிலை சேரேல்லை. கையெழுத்து வைக்கேல்லை. கையெழுத்து வைக்காத ஆக்களுக்கு நாங்கள் எப்பிடி விதி எழுதுறது? அது எங்கடை அதிகாரத்துக்கு அப்பாற்பட்ட விசயம்."

அவர் சொன்னதில் எங்கோ ஒரு பல்லுச்சக்கரம் உடைந்திருப்பது கனிசியஸுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

கடைசிக் கூட்டத்தில் மிச்ச விதிகளும் எழுதப்பட்டன. போட்டியாளர் முடிவிடம் சேரும்வரை காரை விட்டு இறங்கக்கூடாது, இறங்கினால் நீக்கம். பாதையில் தடை ஏற்பட்டால் வெளியார் அதை அகற்றக்கூடாது. அகற்றினால் அது வெளியுதவி, அதற்கும் நீக்கம். நேரம் பார்ப்பவர் வீதியில் தனக்குக் கீறிய வெள்ளைக் கோட்டை விட்டு அசையக்கூடாது. அசைந்தால் அவர் பார்த்த நேரம் முழுவதும் செல்லாது. மொத்தம் நாற்பத்திரண்டு விதிகள். அச்சிட்டுப் பச்சை அட்டை போட்டார்கள்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. இருபாலைச் சந்தியில் புறப்பட்டு, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் தாண்டி, அச்சுவேலியில் முடிவு. முடிவிடத்தில், போட்டியில் ஓடாத தலைவரும் பெரிய மனிதர்களும் பந்தலில் இருந்தார்கள். இடைவழி நேரத்தைக் குறிக்கக் கனிசியஸுக்குக் கிடைத்த இடம் புத்தூர் வளைவு. அங்கே வீதிக்குக் குறுக்கே சுண்ணாம்பால் கோடு போட்டு, அதன் கரை முனையில் அவரை நிறுத்தினார்கள். அவர்மேல் ஒரு கண் வைத்திருக்க மேற்பார்வையாளராகச் சண்முகநாதன் மாஸ்டர் பச்சைப் புத்தகத்தோடு நின்றார்.

ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக ஐந்து கார்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கனிசியஸ் ஒவ்வொன்றின் நேரத்தையும் எழுதினார். ஆறாவதும் கடைசியும் டாக்குத்தருடையது.

அந்த நேரம் கத்தரிக்காய்க் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இரத்தினம்மா தோட்டத்து ஒழுங்கையால் வீதிக்கு ஏறினாள். புத்தூர்க்காரி. நாற்பது வயதிருக்கும். தலையில் பாரம் இருந்ததால் அவளால் பக்கவாட்டில் திரும்பிப் பார்க்க முடியாது. காதைத்தான் நம்பி நடந்தாள். காது ஒன்றும் சொல்லவில்லை. டாக்குத்தர் பதினான்காம் விதியை மீறாமல் வளைவால் திரும்பினார்.

கடகம் மதகுக்கு அப்பால் போய் விழுந்தது. கத்தரிக்காய்கள் வீதியெங்கும் உருண்டன. கார் முப்பது அடி தள்ளி வேலியில் முட்டி நின்றது. இரத்தினம்மா வீதி நடுவில் கிடந்தாள். அவளுடைய வலது கால், தொடைக்குக் கீழே, கால் கிடக்கக்கூடாத பக்கம் பார்த்துக் கிடந்தது.

கனிசியஸ் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"கோட்டைத் தாண்டாதையும்!" என்றார் மாஸ்டர். "நீர் அசைஞ்சால் முந்திப் போன ஐஞ்சு பேற்றை நேரமும் செல்லாது. ஐஞ்சு பெரிய மனிசற்றை உழைப்பு!"

கனிசியஸ் எடுத்த காலைப் பின்னுக்கு வைத்தார்.

டாக்குத்தர் கார்க் கதவில் கைவைத்தபடி தலையை வெளியே நீட்டினார். முகம் வெளிறிப்போயிருந்தது. "மாஸ்டர், நான் இறங்கலாமோ?"

மாஸ்டர் புத்தகத்தைப் புரட்டினார். "இறங்கினால் பதினேழாம் விதி, ஐயா. நீக்கம்."

டாக்குத்தர் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு உள்ளேயிருந்தபடியே, "அவவை அசைக்க விடாதேங்கோ. தொடையெலும்பு. தண்ணி குடுக்க வேண்டாம்," என்று சொன்னார். சிகிச்சை என்ற அளவில் அது சரியானது.

தோட்டத்தில் நின்றவர்கள் ஓடிவந்தார்கள். தூக்கப் போனவர்களை மாஸ்டர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். இது வெளியுதவியாகும், டாக்குத்தர் ஐயாவின் போட்டி பழுதாகும் என்று விளக்கினார். வந்தவர்களில் பாதிப்பேர் மாஸ்டரிடம் படித்தவர்கள். மற்றப் பாதி டாக்குத்தரிடம் மருந்து எடுத்தவர்கள். நின்றுவிட்டார்கள். ஒரு மனிசி மட்டும் இரத்தினம்மாவின் முகத்தில் வெயில் படாமல் ஒரு சாக்கை விரித்துப் பிடித்தாள். மாஸ்டர் கொஞ்சம் யோசித்து, அது தடையை அகற்றுவதாகாது என்று அனுமதித்தார்.

"தடை எண்டால் உயிருள்ளதும் சேருமோ, சேராதோ?" என்று மாஸ்டருக்கே பிறகு ஒரு சந்தேகம் வந்தது. புத்தகத்தில் அதற்கு விளக்கம் இல்லை. ஒருவரைச் சைக்கிளில் அச்சுவேலிக்கு அனுப்பித் தலைவரிடம் தீர்ப்புக் கேட்பதென்று முடிவு செய்தார்.

சைக்கிள் போய் வரும்வரை இரத்தினம்மா முதலில் கத்தினாள், பிறகு அனுங்கினாள், பிறகு அதுவும் இல்லை. கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். கனிசியஸ் கோட்டில் நின்றார். கையில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அவளிடமிருந்து கண்ணை எடுத்தபோதெல்லாம் அவர் அதைப் பார்த்தார்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. "மேற்படி பெண் போட்டியாளர் அல்லர். ஆகவே போட்டியாளர் அல்லாதோர் அவரை அகற்றலாம். காரில் கை படலாகாது." ஒரு மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டு அவளைத் தூக்கிக் கிடத்தினார்கள். டாக்குத்தர் காரைப் பின்னுக்கு எடுத்து, திருப்பி, போட்டியைத் தொடர்ந்தார்.

கனிசியஸ் மணிக்கூட்டை நிறுத்தினார். கார் வளைவில் நின்ற நேரம் இருபத்திரண்டு நிமிஷம்.

அடுத்த கிழமை சங்கம் அவசரமாகக் கூடியது. பொலிஸ் இன்ஸ்பெக்டர் நேரப் பட்டியலைக் கேட்டு எழுதியிருந்தார். பொது வீதியில் வேகப் போட்டி வைப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை என்பது, சட்டம் படித்த தலைவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அவர் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்தார். நடந்தது வேகப் போட்டியல்ல, மெதுவோட்டப் போட்டி. சங்கம் தொடங்கிய நாள் முதலே அது அப்படித்தான். இது நாற்பத்துமூன்றாம் விதி.

மெதுவோட்டப் போட்டியென்றால் ஆகக் கூடிய நேரம் எடுத்தவர்தான் வென்றவர். ஆகவே கோப்பை டாக்குத்தர் பரமலிங்கத்துக்கு. முதலாவதாக வந்திருந்த புகையிலை வியாபாரி எழுந்து, "அப்ப நான் கடைசியோ? சனிக்கிழமை மாலை போட்டவை, போட்டோவும் பிடிச்சவை," என்று அழுகிற குரலில் கேட்டார். நீதிக்காகச் சிலர் பின்னுக்கு வரத்தான் வேண்டும் என்று தலைவர் அவரைத் தேற்றினார்.

பிறகு ஒரு கடதாசியைக் கனிசியஸின் முன்னால் வைத்தார். "உதிலை கையெழுத்து வையும்."

கனிசியஸ் வாசித்தார். டாக்குத்தரின் பெயருக்கு நேரே, 'நிதானமாக ஓட்டிய நேரம்' என்ற தலைப்பின் கீழ், அந்த இருபத்திரண்டு நிமிஷமும் சேர்த்து எழுதப்பட்டிருந்தது.

"ஐயா, அந்த நேரம் கார் ஓடேல்லை."

"ஓடாமல் நிக்கிறதுதான் மெதுவோட்டத்தின்ரை உச்சம், காணும். வையும்."

"ஒருநாள் தாங்கோ ஐயா," என்று சொல்லிவிட்டுக் கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டில் அவர் சாப்பிடவில்லை. யோசப்பின் என்ற அவருடைய மனைவி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முன்னால் இருந்தாள். "இஞ்சாருங்கோ, சனிக்கிழமையிலையிருந்து நீங்கள் ஒழுங்காய்க் கதைக்கிறியள் இல்லை. அந்த மனிசியைப் போய்ப் பார்த்தனீங்களோ?"

"நான் போய் என்னத்தைச் சொல்லுறது?"

"சொல்லப் போகத் தேவையில்லை. போய்ப் பாருங்கோ."

அடுத்த நாள் கடையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். இரத்தினம்மாவின் காலில் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். கையில் கொண்டுபோன தோடம்பழப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். அவள் அவரைக் கன நேரம் பார்த்தாள்.

"மணிக்கூட்டோடை நிண்ட ஆள் நீங்கள்தானே?"

"ஓம், தங்கச்சி."

"நான் உங்களைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தனான். மற்ற ஆக்கள் கனபேர் முன்னுக்கும் பின்னுக்கும் திரிஞ்சவை. நீங்கள்தான் ஒரே இடத்திலை நிண்டனீங்கள். இவர் இப்ப வருவார், இப்ப வருவார் எண்டு நினைச்சன்."

அவள் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. நடந்ததைச் சொல்கிற தொனிதான். கனிசியஸ் பழப் பையைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் நின்று, சட்டைப்பையில் இருந்த கடதாசியை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு நேரே பொலிசுக்குப் போய், தன் கையால் எழுதிய பழைய நேரப் பட்டியலைக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கனிசியஸ் காசுக்கு மணிக்கூடு திருத்துகிறவர் என்பது இப்போதுதான் சங்கத்தின் கவனத்துக்கு வந்திருக்கிறது. ஆகவே அவர் தொழில்காரர், அமெச்சூர் அல்லர். அமெச்சூர் போட்டியில் தொழில்காரர் பார்த்த நேரம் நேரமாகாது. எனினும் கோப்பை வழங்கும் விழா குறித்த நாளில் நடைபெறும்.

நடந்தது. கனிசியஸை அழைக்கவில்லை. ஆனால் கடையைப் பூட்டிவிட்டு அவ்வழியால் வந்தவர் மண்டபத்து யன்னலுக்கு வெளியே நின்றார். டாக்குத்தர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். "அந்த இருபத்திரண்டு நிமிஷமும் எனக்குள்ளை இருந்த டாக்குத்தருக்கும் எனக்குள்ளை இருந்த விளையாட்டு வீரனுக்கும் பெரிய சண்டை. இறங்கு எண்டது ஒண்டு, இறங்காதை எண்டது மற்றது. கனவான்களே, கடைசியிலை விளையாட்டு வீரன்தான் வெண்டான்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் எடுத்தது. சிலர் கண்ணைத் துடைத்தார்கள். அவர்கள் உண்மையாகவே உருகிப்போயிருந்ததைப் பார்க்கத்தான் கனிசியஸுக்குப் பயமாக இருந்தது.

வழக்கு ஆவணியில் கோட்டுக்கு வந்தது. கவனமில்லாமல் காரோட்டிக் காயப்படுத்தியதென்று டாக்குத்தர்மேல் பொலிசார் தொடுத்த வழக்கு. டாக்குத்தருக்காகத் தியாகலிங்கம் பிரக்கிராசியாரே ஆஜரானார். மாஸ்டர் சாட்சி சொல்லும்போது, எல்லாம் விதிப்படி நடந்தது என்று நாலு தரம் சொன்னார். பிறகு கனிசியஸைக் கூண்டில் ஏற்றினார்கள்.

"நீர் காசுக்கு மணிக்கூடு திருத்துறவர்தானே?" என்று பிரக்கிராசியார் தொடங்கினார்.

"ஓம் ஐயா."

"நீர் பார்த்த நேரம் செல்லாது எண்டு சங்கம் உமக்குக் கடிதம் போட்டது?"

"ஓம் ஐயா. வந்தது."

பிரக்கிராசியார் நீதவானைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். "செல்லாத நேரத்தைப் பார்த்த மனிசன். சரி, அப்ப கோட்டுக்குச் சொல்லும். நேரம் பார்க்கேல்லையெண்டால், அண்டைக்கு நீர் அந்த வளைவிலை என்னதான் செய்துகொண்டு நிண்டனீர்?"

கனிசியஸ் கூண்டின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். சனத்தின் நடுவில் இரத்தினம்மா ஒரு தடியைப் பிடித்தபடி வாங்குப் பலகையில் இருந்தாள். யோசப்பினும் பக்கத்தில் இருந்தாள்.

"ஒரு மனிசி கால் முறிஞ்சு வெய்யிலுக்குள்ளை கிடந்தவ, ஐயா," என்றார். "நான் ஏழெட்டு அடி தள்ளி நிண்டு அவவைப் பார்த்துக்கொண்டிருந்தனான். இருபத்திரண்டு நிமிஷம். எனக்குக் காலிலை ஒண்டும் முறியேல்லை. எண்டாலும் நான் போகேல்லை."

ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லவேண்டிய முதலியார் வாயைத் திறந்துவிட்டு நின்றார். நீதவான், தமிழ் தனக்கு விளங்கியதென்று கையைக் காட்டிவிட்டு, தானே பேனாவை எடுத்து எழுதினார். பிரக்கிராசியார் அடுத்த கேள்விக்காகக் கடதாசிகளைப் புரட்டினார். பிறகு தன் கதிரையில் இருந்துவிட்டார்.

டாக்குத்தருக்குக் குற்றப்பணம் விதித்து, ஒன்பது மாதத்துக்குக் கார் ஓட்டும் அனுமதியையும் பறித்தார்கள். கார் அவரை ஏற்றிக்கொண்டு முன்போலவே ஓடியது, சாரதி ஓட்டினான். சங்கம் அடுத்த கூட்டத்தில், நேரம் பார்ப்பவர்களைத் தெரிவு செய்யும் முறையில் உள்ள குறைகளை ஆராய ஒரு துணைக்குழு அமைத்தது. கோப்பையைத் திருப்பிக் கேட்பது பற்றி ஒருவரும் பேசவில்லை.

தீர்ப்புச் சொன்ன அன்றைக்கு, நீதிமன்றம் கலைந்தபிறகு கனிசியஸ் விறாந்தைக்கு வந்தார். இரத்தினம்மா அங்கே படிக்கட்டின் மேல் முனையில் நின்றாள். அவளுடைய வலது கால் இடது காலைவிட ஒரு அங்குலம் கட்டையாகப் போயிருந்தது. இனி அது அப்படித்தான்.

"எல்லாருக்கும் முன்னாலை ஏன் அதைச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாள். "உங்களையும் எல்லோ கேவலமாய் நினைப்பினம்."

"நடந்ததுதானே, தங்கச்சி."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஓம். நடந்ததுதான்," என்றாள்.

படிகள் செங்குத்தானவை. பிடிக்கச் சுவர் ஒரு பக்கம் மட்டுந்தான் இருந்தது. கனிசியஸ் கையை நீட்டினார். அவள் கையைப் பிடிக்கவில்லை. தன் தடியை அதில் வைத்தாள்.

"இதைப் பிடியுங்கோ. நான் சுவரைப் பிடிச்சு இறங்குறன்."

அவர் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு படி கீழே, அவளைப் பார்த்தபடி பின்புறமாக இறங்கினார். இரண்டு கையையும் விரித்து வைத்திருந்தார். கோட்டுக்கு வந்த சனம் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் ஒவ்வொரு படியிலும் நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து, மூச்சு விட்டு, அடுத்ததற்கு வந்தாள்.

அவள் விழவில்லை.